பிழியும் கை

இடியாப்ப மாவுக்குப் பொறுமை கிடையாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றிக் கிளறி, கை தாங்குகிற சூட்டில் பிசைந்து, அந்தச் சூடு இறங்குவதற்குள் அச்சில் திணித்துப் பிழிந்துவிட வேண்டும். ஆறவிட்டால் விறைத்துக்கொள்ளும். அப்புறம் ஆள் மேலே ஏறி உட்கார்ந்தாலும் இழை இறங்காது.

முடிச்சூரில் ஏரிப் பக்கம் திரும்புகிற ஒரு சந்தில் ரோஸி இந்த மாவோடு பல வருஷமாகக் காலம் தள்ளிவந்தாள். விடிவதற்கு முன்பே அடுப்பு பற்றிவிடும். ரோஸி பிழிவாள். பக்கத்து வீட்டு எல்லம்மா தட்டுகளை அடுக்கி ஆவியில் ஏற்றி இறக்குவாள். வெளுக்கிற நேரத்துக்கு ரோஸியின் புருஷன் வில்பிரட் பெரிய அலுமினியப் பாத்திரத்தை மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நேற்றுவரை வயலாக இருந்த இடத்தில் முளைத்த அடுக்குமாடிகளின் வாசல்கள்தான் அவருடைய கடைகள். ஹேண்டில்பாரில் கட்டிய சின்ன ஸ்பீக்கரில், "இடியாப்போம்… சூடான இடியாப்போம்… தேங்காப்பால் கீது" என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். அது ரோஸியின் குரல்தான். உடம்புக்கு வருவதற்கு முன்னால் போனில் பதிந்தது.

உடம்புக்கு வந்தது மார்பில். ஒரு பக்கத்தை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது, மறுபடி சுருட்டையாக முளைத்தது. கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது டாக்டரம்மா ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்தார். உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது, மஞ்சள் நிறம். பெண்ணுடம்பில் ஊறுகிற சுரப்பு ஒன்று உண்டு, உன் கட்டி அதைத் தின்றுதான் வளர்ந்தது, மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதற்குத் தீனி கிடைக்கக் கூடாது, ஐந்து வருஷம் தினம் ஒன்று போட வேண்டும் என்றார். கத்தியையும் கரண்டையும் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த மாத்திரை ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டியது. காலையில் எழுந்தால் கைவிரல்கள் பழைய கதவுபோல இறுகிக் கிடந்தன. முட்டியை ஊன்றி எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வலது மோதிர விரல் மடங்கினால் மடங்கினதுதான். இடது கையால் பிடித்து இழுத்தால் டக்கென்று ஒரு சத்தத்தோடு நிமிரும். உயிர் போய் வரும். வெயில் ஏறினால் எல்லாம் தானாக இளகிவிடும். ஆனால் இடியாப்ப மாவு வெயில் ஏறும்வரை காத்திருக்காது.

இடையிடையே உடம்புக்குள் யாரோ அடுப்பு மூட்டினதுபோல ஒரு அனல், நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு ஏறும். பிடரியில் வியர்வை ஓடும். அடுத்த நிமிஷம் குளிரும்.

"இன்னாக்கா, நீயே ஒரு இட்லிக் குண்டான் மாரி கீற," என்றாள் எல்லம்மா ஒருநாள். "பேசாம உன் தலமேல நாலு தட்டு வெச்சா வெந்துடும். கேஸு மிச்சம்."

"வெப்படி, வெப்ப. உனக்கு வந்தாத் தெரியும்."

"எனக்கா? எனக்கு இன்னாத்துக்கு வருது? எனக்குள்ள ஏற்கெனவே எரியுது, எங்க வூட்டு ஆளப் பாத்தாலே."

ரோஸி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அச்சின் கைப்பிடியை அழுத்தினாள். விரல் நழுவி அச்சு சாய்ந்தது. இழை தட்டுக்கு வெளியே விழுந்தது. எல்லம்மா அதைப் பார்க்காததுபோல வழித்து மாவோடு சேர்த்தாள்.

படுக்கையும் மாறிப்போனது. ரோஸிக்கு ஃபேன் ஐந்தில் சுற்ற வேண்டும். வில்பிரட்டுக்கு மார்கழிக் குளிரில் ஃபேன் சத்தம் கேட்டாலே தும்மல். ஒரே அறையில் அவள் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தாள். அவர் கட்டிலில் தலையோடு கால் போர்த்திக்கொண்டு கிடந்தார். வேறு விஷயங்களும் இருந்தன. அவற்றை இருவருமே பேசவில்லை. ஒருமுறை அவர் கையை நீட்டினார். அவள் வலிக்கும் என்றாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. அதற்கப்புறம் நீட்டவில்லை.

இத்தனைக்கும் நடுவில் அவளை மாத்திரை போட வைத்தது ஒரு போன்தான். வில்பிரட் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனதும் அது அடிக்கும். எதிர்முனையில் காமு.

"ரோஸி, ஆச்சா?"

"இன்னும் இல்ல மாமி. இப்பத்தான் ரெண்டு வாயி சாப்டேன்."

"போட்டுண்டு வா. நான் லைன்லயே இருக்கேன்."

கரண்ட் வைத்த நாட்களில் ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கம். காமு சேலையூர்ப் பக்கம் ஒரு காலனியில் இருந்தாள். புருஷன் ராஜாராமன் பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்பரத்தில் ஒரே மின்சார ரயிலைப் பிடித்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே ரயிலில் திரும்பினார்கள். ரோஸி கொண்டுபோன இடியாப்பத்தை காமு பெஞ்சிலேயே பிரித்துச் சாப்பிட்டாள். "எங்காத்துல தெரிஞ்சா தலைக்குத் தண்ணி விட்டுடுவா," என்று கண்ணடித்தாள். அவளுக்கும் அதே மஞ்சள் மாத்திரைதான். ரோஸிக்குச் சில வாரம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டிருந்தாள்.

"உங்களுக்குக் கை புடிக்கலியா மாமி?"

"எனக்கென்னடி, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். ரெண்டு நாள் இருக்கும், போயிடும். நீ போட்டுண்டியா இல்லியா?"

அந்த காமுவுக்கு நோய் திரும்பியது. முதுகெலும்பில் தொடங்கி ஈரலுக்குப் போனது. மாத்திரையை மாற்றினார்கள், மறுபடி மருந்து ஏற்றினார்கள். கார்த்திகை முடிகிற சமயம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் அவள் போய்விட்டாள். ரோஸி சேலையூருக்குப் போய், வாசல் கூட்டத்தில் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தாள். யாரும் அவளை யார் என்று கேட்கவில்லை.

மறுநாள் போன் அடிக்கவில்லை. ரோஸி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள்கூடத் தவறாமல் போட்டவள் காமு. அவளே போய்விட்டாள் என்றால் இது எதற்கு? யாரிடமும் கேட்கவில்லை. போட்டுக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்த மாத்திரை தொண்டையில் கொஞ்சம் நின்று இறங்கியது.

ஜனவரியில் சபையில் மூன்று வார உபவாச ஜெபம் வரும். அந்தத் தெருமுனையில் ஹார்டுவேர் கடைக்கு மேலே மாடியில் நடக்கிற சபை அது. பாஸ்டர் அசரியா முன்னே ஆட்டோ ஓட்டினவர்; ஜனங்களின் கஷ்டம் தெரிந்த மனுஷன். உபவாசம் என்றால் பொழுது சாய்ந்த பிறகு ஒருவேளை சாப்பாடு. அதுவரை தண்ணீர். மாத்திரையோ காலையில் சாப்பிட்ட பிறகு போட வேண்டியது. காலையில் சாப்பாடு இல்லை, ஆகவே மாத்திரை இல்லை. ரோஸிக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குடல் வெந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். சாயங்காலம் சாப்பிட்டதும் போடலாமே என்று யாரும் சொல்லவில்லை. அவளும் நினைக்கவில்லை. அல்லது நினைக்க விரும்பவில்லை.

பொங்கலுக்குப் பெருங்களத்தூரில் ஊருக்குப் போகிற பஸ்களும் ஜனங்களுமாக ரோடு அடைத்துக் கிடந்தது. வில்பிரட் வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பி, கால்கடுக்க நின்ற கூட்டத்திடம் பாத்திரத்தைக் காலி செய்துவிட்டு வந்தார். அந்த வாரம்தான் ரோஸி கவனித்தாள். எழுந்ததும் கை தானாக விரிந்தது. மோதிர விரலை மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. நிமிர்த்தினாள். சத்தமில்லாமல் நிமிர்ந்தது. அவள் இருட்டில் உட்கார்ந்து விரல்களைத் திறந்து மூடி, திறந்து மூடி, குழந்தைக்குக் காக்கா காட்டுகிறவளைப் போலச் செய்துகொண்டிருந்தாள். உபவாசம் முடிகிறபோது அனலும் அடங்கியிருந்தது. ஃபேன் இரண்டில் சுற்றியது. அவள் கட்டிலில் படுத்தாள்.

"கர்த்தர் என் கையத் தொட்டுட்டாரு பாஸ்டர்," என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியில் நின்றபோது சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் மனசில் கள்ளம் இல்லை.

அசரியா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. "சாட்சி சொல்லணும் சிஸ்டர். அடுத்த மாசம் சாட்சி ஞாயிறு. எத்தினி பேரு நோவோட குந்திகினு கீறாங்கோ. உங்க வாயால கேட்டா அவங்களுக்குத் தெம்பு."

உபவாசம் முடிந்தும் அவள் மாத்திரையை எடுக்கவில்லை. கர்த்தர் தொட்ட உடம்புக்கு மறுபடி மாத்திரை போடுவது விசுவாசக் குறைவு ஆகிவிடும் என்று தோன்றியது. காலையில் பிழிகிறபோது கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்டது. மாவு சூடாக இருக்கிறபோதே காலியானது. எல்லம்மா தட்டு போதாமல் திணறினாள்.

"இன்னாக்கா இது, மிசின் கெணக்கா பியியற? எனக்கு மூச்சு வாங்குது. நேத்திக்கெல்லாம் ஒரு அச்சுக்கு ரெண்டு கத பேசுவோம்."

"கர்த்தர் தொட்டுட்டாருடி."

எல்லம்மா மூடியைத் திறந்து, ஆவியைக் கையால் விலக்கி, ஒரு தட்டை எடுத்துக் கவிழ்த்தாள்.

"மாத்திர போட்டுகினுதான கீற?"

"உபவாசத்துல எப்டி போடறது?"

"அது முடிஞ்சி வாரமாவுது?"

ரோஸி அச்சில் அடுத்த மாவைத் திணித்தாள்.

"அப்ப மாத்திரய நிறுத்தின, வலி நின்னுச்சி. இதுல உங்க சாமி இன்னா பண்ணாரு?"

"ஏய், வாயக் கழுவு."

"நான் தப்பா சொல்லலக்கா. எங்க வூட்ல ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்துறேன். தீ மிதிக்கிறேன். ஆனா எங்க ஆளுக்கு மூச்சு வாங்கினா ஆட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான ஓடறேன்? ஆத்தா கோச்சிக்கினாளா? அந்த மாத்திர எதுக்குக் குடுத்தாங்கோ? கை வலிக்கிறதுக்கா குடுத்தாங்கோ? மறுக்கா கட்டி வராம இருக்கறதுக்கு. உங்க சாமி கட்டியத் தொட்டேன்னு சொன்னாரா, கையத் தொட்டேன்னு சொன்னாரா?"

"காமு மாமி தெனம் போட்டாங்க. இன்னா ஆச்சி?"

எல்லம்மா மூடியைத் திரும்பப் போட்டாள். "தட்டு குடு," என்றாள். அதை வாங்கிக்கொண்டு, "நீ பாட்டுக்குப் போயிட்டன்னா நான் யாரோட வாயாடறது?" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

வில்பிரட்டுக்கும் தெரியும். அவர் தினம் சாவி வைக்கிற ஃப்ரிட்ஜின் மேல்தான் மாத்திரை அட்டையும் இருந்தது. அது குறையவில்லை. ஆனால் அவர் பெண்டாட்டி மறுபடி கட்டிலில் படுக்கிறாள், பாட்டு முணுமுணுக்கிறாள், பிழிய அவரைக் கூப்பிடுவதில்லை. சொன்னால் எல்லாம் திரும்பிப் போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் விட்டார். எல்லம்மா அவரை வாசலில் பிடித்து நாலு வார்த்தை கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ரோஸி, பாஸ்டரே சுகரு மாத்திர போட்டுகினுதான் உபவாசம் கீறாரு. தெரியுமா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"நான்தான மருந்துக் கடைல வாங்கியாந்து குடுத்தேன்."

"அவரு விசுவாசம் அவருக்கு."

"நீ சாட்சி சொல்லு, வாணாங்கல. மாத்திரயும் போட்டுக்கோ."

"போட்டா வலி வருமே. அப்ப நான் சொன்னது பொய்யின்னு ஆவாதா? சபையில நின்னு கை சரியாச்சின்னு சொல்லிட்டு, மறுநாள் நொண்டிக்கினு நின்னா?"

வில்பிரட் மொபெட்டின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்தார். காற்று சரியாகத்தான் இருந்தது. "எனக்கு இந்த ரெண்டு வாரமா நல்லா இருந்திச்சி," என்றார். "அதான் கேக்காம வுட்டுட்டேன்." கோபமாக வண்டியை எடுத்தார். தெருமுனைவரை ரோஸியின் குரல், சூடான இடியாப்போம் என்று சிரித்த மாதிரி சொல்லிக்கொண்டே போனது.

சாட்சி ஞாயிறுக்கு முந்தின நாள் பதினொரு மணி வெயிலில் ஒரு கார் சந்துக்குள் நுழையத் தெரியாமல் நின்றது. ராஜாராமன் இறங்கி நடந்து வந்தார். சட்டை கசங்கியிருந்தது. ரோஸி பதறி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கூப்ட்டு வுட்டிருந்தா நானே வந்திருப்பனே சார்."

"இல்லம்மா. ஆத்துல உக்காந்துண்டே இருந்தா பைத்தியம் பிடிச்சுடும்." கையிலிருந்த துணிக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டார். "பீரோவை ஒழிச்சேன். அவளோட பழைய மாத்திரை. வேற மாத்தறதுக்கு முன்னாடி மொத்தமா வாங்கி வெச்சது, அஞ்சாறு அட்டை அப்படியே இருக்கு. உனக்கும் அதேதானேன்னு. எக்ஸ்பைரி ஆகலே, பாத்துட்டேன். தூக்கிப் போட மனசு வரலே."

ரோஸி பையை வாங்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்கக் கூடாது."

"கேளு."

"மாமி ஒருநாளு தவறாம போட்டாங்களே சார்."

ராஜாராமன் சுவரைப் பார்த்தார். பழைய வெள்ளம் ஏறி நின்ற கோடு அங்கே பழுப்பாகத் தெரிந்தது. அதைப் பற்றிக் கேட்கப் போகிறவர்போல வாயைத் திறந்து, வேறு சொன்னார்.

"டாக்டர்கிட்ட நானும் கேட்டேன். சில பேருக்கு அதையும் மீறி வந்துடும்னார். போடலேன்னா முன்னாடியே வந்திருக்குமா, போட்டதாலதான் நடுவுல நன்னா இருந்தாளா, அதெல்லாம் யாரும் எழுதிக் கொடுக்க மாட்டா. நன்னா இருந்தா. பையன் கேஷவுக்குக் கல்யாணம் பண்ணினா. பொண்ணு மிருதுளாவுக்குத் தலைப்பிரசவம் பாத்தா. எனக்கு அது போதாது. ஆனா அது இல்லாம இருந்திருந்தா?"

"அவங்களுக்குக் கை வலியே இல்லன்னு சொன்னாங்க சார். எனக்கு மட்டும் ஏன் இப்டின்னு…"

"யாரு, காமுவுக்கா?" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "டபரா பிடிக்க முடியாது அவளுக்கு. நான்தான் காபியை வாயில வெப்பேன். கார்த்தால எழுந்திருக்கவே மாட்டா. இன்னிக்கு வேண்டாம், நிறுத்திடறேன்னு குழந்தை மாதிரி அழுவா. அப்பறம், ஐயோ, ரோஸிக்குப் போன் பண்ணணுமேன்னு எழுந்துப்பா. உன்னைப் போட்டுக்கோன்னு சொல்லிட்டு, தான் போடாம இருக்க முடியாதில்லியா. போனை வெச்சுட்டு முழுங்குவா."

ரோஸி நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளே எல்லம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றிருந்தது.

"நான் நிறுத்திட்டேன் சார்," என்றாள் ரோஸி.

அவர் திட்டவில்லை. பையை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். "மத்தியானம் சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "கார்த்தால ஒண்ணும் சாப்பிடலே."

காலையில் மிஞ்சின இடியாப்பத்தில் தண்ணீர் தெளித்துச் சூடு பண்ணி, தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். "இதுதானா அது," என்றார். "பெஞ்சில உக்காந்து சாப்பிட்டாளாமே. என்கிட்ட ஒரு நா சொன்னா. ரகசியம் மாதிரி."

மறுநாள் மாடியில் நாற்காலி போதாமல் பாய் விரித்திருந்தார்கள். கீபோர்டு சத்தமும் கைத்தட்டலும் ஓய்ந்ததும் அசரியா அவள் பேரைச் சொன்னார். ரோஸி எழுந்து போய் மைக்கைப் பிடித்தாள். வலது கை விரல்கள் அதைச் சுற்றி வலியில்லாமல் மூடின. அதை அவள் ஒரு கணம் பார்த்தாள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எனக்குப் பேசத் தெரியாது. இடியாப்பம்தான் தெரியும். மூணு வாரம் உபவாசம் இருந்தேன். கை நல்லாச்சி. தோ, பாருங்க." கையைத் திறந்து மூடிக் காட்டினாள். "அல்லேலூயா" என்று நாலைந்து குரல்கள் எழும்பின. அவள் கையை இறக்கினாள்.

"இருங்க. இன்னும் முடிக்கல. ஆஸ்பத்திரில குடுத்த மாத்திர ஒண்ணு கீது. நோவு திரும்ப வராம இருக்கறதுக்கு. அதனாலதான் கை புடிச்சிகிச்சி. உபவாசத்துல அத்த நான் நிறுத்திட்டேன். அதனாலதான் கை வுட்டுச்சி. இத்த நான் தெரிஞ்சி மறைக்கல. ஆனா தெரிஞ்ச பின்னாடியும் சொம்மா இருந்தேன். வலி இல்லாம இருந்தது எனக்கு அவ்ளோ புடிச்சிருந்திச்சி."

ஒரு குழந்தை மட்டும் பாயில் காலை உதைத்தது. கடைசி வரிசையில் வில்பிரட் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னிக்கிக் காலைல மறுபடி போட்டேன். எனக்குச் சிநேகிதி ஒருத்தவங்க இருந்தாங்க, அவங்க வெச்சிட்டுப் போன மாத்திர. இன்னும் கொஞ்ச நாள்ல என் கை மறுபடி புடிச்சிக்கும். அப்ப யாரும் ரோஸி விசுவாசத்துல பின்வாங்கிட்டான்னு சொல்லக் கூடாது. வலிய எடுத்துடுங்கன்னு ஜெபம் பண்ணாதீங்க. நான் மாத்திரய நிறுத்தாம இருக்கறதுக்கு ஜெபம் பண்ணுங்க. அவ்ளோதான்."

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இதற்கு அல்லேலூயா சொல்லலாமா கூடாதா என்று சபைக்குத் தெரியவில்லை. அசரியா மைக்கை வாங்கி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். நெற்றி வியர்த்திருந்தது.

"நானும் சுகருக்கு மாத்திர போடறேன்," என்றார். "இதுவரைக்கும் இங்க சொன்னதில்ல." பிறகு கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார். ஜெபம் வழக்கத்தைவிடச் சின்னதாக முடிந்தது. படியிறங்கும்போது இரண்டு பேர் ரோஸியிடம் பேசாமல் போனார்கள். ஒருத்தி நின்று, அவள் கையை வெறுமனே பிடித்துவிட்டுப் போனாள்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவிடமும் சொன்னாள். அங்கேதான் திட்டு கிடைத்தது. "தாங்கலைன்னா என்கிட்ட சொல்லணும்மா. நீங்களா நிறுத்தக் கூடாது. வேற மாத்திரை இருக்கு." திட்டிவிட்டு அவர் மாத்திரையை மாற்றினார். இதிலும் வலிக்கலாம், குறைவாகவும் வலிக்கலாம், எழுந்ததும் விரல்களை வெந்நீரில் வையுங்கள், தினம் நடங்கள், எலும்புக்கு இதைப் போடுங்கள் என்றார். வில்பிரட் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்க நினைத்த இன்னொன்றைக் கேட்காமல் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவே அதையும் கேட்டார். அதற்கும் ஒரு களிம்பு இருந்தது. வெளியே வந்து ரயிலடிவரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். தாம்பரத்தில் இறங்கும்போது வில்பிரட் மட்டும் லேசாகச் சிரித்தார்.

காமுவின் அட்டைகளை ரோஸி அங்கிருந்த நர்ஸிடம் கொடுத்துவிட்டாள். ஒன்றே ஒன்றைத் தவிர. அதில் சாட்சி ஞாயிறு காலையில் எடுத்த மாத்திரையின் குழி மட்டும் வெறுமையாக இருந்தது.

புது மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு நாளும் கண் விழித்ததும் அவள் விரல்களை விரித்துப் பார்த்தாள். விரிந்தன. மறுநாளும் விரிந்தன. வருகிறதா இல்லையா என்று எதிர்பார்த்துக் கிடப்பது வலியைவிடப் பேஜாராக இருந்தது. எல்லம்மாவும் கேட்காமல் கவனித்தாள். தட்டை வாங்கும்போது அவள் பார்வை ரோஸியின் மோதிர விரலில்தான் இருந்தது. இதற்கிடையில் அவள், யாரும் சொல்லாமலே, தட்டு அடுக்குகிற நேரம் போக மிச்ச நேரத்தில் அச்சைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அவள் பிழிந்தது கோணலாகத்தான் விழுந்தது. "இன்னாடி இது, இடியாப்பமா, எலிக்கூண்டா?" என்று ரோஸி கேட்டாள். "துன்றவன் இன்னா அளவெடுத்தா துன்றான்?" என்றாள் எல்லம்மா.

மாசி பாதியில், பனி முழுக்க விலகாத ஒரு காலையில், மாவைப் பிசைந்து முடித்து அச்சில் திணித்த ரோஸி கைப்பிடியைப் பற்றினாள். அழுத்தினாள். ஒரு வட்டம் இறங்கியது. இரண்டாவது தட்டுக்கு அச்சை நகர்த்தும்போது மோதிர விரல் மடங்கின இடத்திலேயே நின்றது. இடது கையால் பிடித்து இழுத்தாள். டக் என்றது.

அடுப்புச் சத்தத்திலும் எல்லம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. அவள் திரும்பாமல் கேட்டாள்.

"இன்னாக்கா, விருந்தாளி வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"வெந்நி வெக்கட்டா, இட்லி வெக்கட்டா?"

"வெந்நி போதும். ரொம்ப நாளு தங்கறவரு."

எல்லம்மா அச்சைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாவு இன்னும் சூடாகத்தான் இருந்தது. ரோஸி எழுந்து, ஃப்ரிட்ஜின் மேலிருந்த அட்டையை எடுத்து அன்றைக்கானதைப் பிதுக்கி, நேற்றைய சோற்றில் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, விழுங்கினாள். பிறகு வந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் வெந்நீரில் விட்டு, எல்லம்மா பிழிகிற கோணல் இழைகளுக்குக் குறை சொல்ல ஆரம்பித்தாள்.